மூணுல ஒண்ணு போகணும்

2020 நவம்பர் கடைசி. ஹல்த்வானியில குளிர் ஆரம்பிச்சாச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு ரஜாய்க்குள்ள புகுந்துடலாம்னு இருந்தப்ப கதவு தட்டற சத்தம். வீட்டு ஓனர். கக்கத்துல ஒரு பழைய தோல் பை. உள்ள வந்து உக்காந்தார், பையிலேர்ந்து பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைல வச்சார்.

"மேனேஜர் சாப், நீங்க கணக்குல கெட்டிக்காரர். எனக்கு ஒரு கணக்கு போட்டுக் குடுக்கணும்."

லோன் விஷயமா இருக்கும்னு நினைச்சேன். லாக்டவுன் சமயம், அந்த வருஷம் என்கிட்ட வந்த எல்லாருமே ஈஎம்ஐ பத்திதான் பேசினாங்க. புத்தகத்தைத் திறந்தா போட்டோ, நைனிதால் கலெக்டர் ஆபீஸ் முத்திரைகள், வரிசையா மூணு நம்பர். துப்பாக்கி லைசென்ஸ்!

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு, மாரியம்மன் கோவில் பொங்கல்ல பத்து ரூபாய்க்கு பலூன் சுட்டதோட சரி. அதுலயும் பாதி பலூன் தப்பிச்சுடும். ஆனா ஊரு சிவகாசிக்குப் பக்கத்துல. கருமருந்து வாசனை மூக்குக்குப் பழக்கம். அந்த ஒரு தகுதியோட நான் கேட்டுக்கிட்டேன்.

விஷயம் இதுதான். 2019 டிசம்பர்ல ஆயுதச் சட்டத்தைத் திருத்தினாங்க. அதுவரைக்கும் ஒரு ஆள் மூணு துப்பாக்கி வரைக்கும் லைசென்ஸோட வச்சுக்கலாம். திருத்தத்துக்கு அப்புறம் ரெண்டுதான். (முதல்ல ஒண்ணுதான்னு மசோதா கொண்டு வந்து, எதிர்ப்பு வந்ததும் ரெண்டாக்கினாங்க.) மூணு வச்சிருக்கறவங்க ஒரு வருஷத்துக்குள்ள ஒண்ணை போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலயோ ஒப்படைச்சுடணும். பரம்பரைச் சொத்து, தாத்தா காலத்துதுன்னு சொன்னாலும் கணக்கு ரெண்டைத் தாண்டக் கூடாது. கெடு டிசம்பர் நடுவுல முடியுது.

தாவ்ஜி (இங்க நான் அவரைக் கூப்பிடறது அப்படித்தான், நம்ம ஊர் பெரியப்பா) கிட்ட இருந்த மூணு: ஒரு 12 போர் இரட்டைக்குழல், இஷாப்பூர் ஃபேக்டரியில செஞ்ச ஒரு .315 ரைஃபிள், அவங்க அப்பா 1957-ல ஊருக்குத் திரும்பிப் போற ஒரு தேயிலைத் தோட்டத்து துரைகிட்ட வாங்கின வின்செஸ்டர் மாடல் 70. அந்த கடைசி ரைஃபிளோட தோட்டா, .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம்.

"எது பலமானதோ அதை வச்சுக்கலாம், எது சோப்ளாங்கியோ அதைக் குடுத்துடலாம். நீங்க கம்ப்யூட்டர்ல போட்டு எழுதிக் குடுங்க, பையன்கிட்ட காட்டணும்"னார். பையன் டெல்லியில. மூணையுமே குடுத்துடுங்கன்னு போன்லயே சொல்லிட்டானாம்.

இந்தக் காலத்துல எதுக்குய்யா இதெல்லாம்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன். புலி வேட்டை 1970-லயே தடை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறம் பொழுதுபோக்கு வேட்டைங்கற சமாச்சாரமே இந்தியாவுல படிப்படியா முடிஞ்சு போச்சு, நல்லதுதான். ஆனா தாவ்ஜிக்கு மலை மேல, அல்மோராவுக்குப் போற வழியில ஒரு கிராமத்துல நிலம் இருக்கு. காட்டுப்பன்னிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினா உருளைக்கிழங்குப் பாத்தி மொத்தமும் காலி. 2016-ல மத்திய அரசே உத்தராகண்டுல காட்டுப்பன்னியை ஒரு வருஷத்துக்கு 'வெர்மின்' பட்டியல்ல சேர்த்தது. இப்பவும் வனத்துறை அனுமதி குடுத்தா சுடலாம், இல்லைன்னா வானத்தைப் பாத்து ஒரு வெடி. சிறுத்தை ஆளைக் கொல்ல ஆரம்பிச்சா தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்துல உத்தரவு போட்டு, அதுக்குன்னு ஆளை நியமிப்பார். மத்தவன் கை வைக்கக் கூடாது. ஆக தாவ்ஜியோட துப்பாக்கிக்கு இன்னிக்கு இருக்கற வேலை காவல் வேலை.

சரி, கணக்குக்கு வருவோம்.

மேக்னம்னா என்னன்னே எனக்கு அப்பத் தெரியாது. ஐஸ்க்ரீம் தெரியும் :-) லத்தீன்ல 'பெரிசு'ன்னு அர்த்தம். ரெண்டு பாட்டில் ஒயின் ஒரே பாட்டில்ல கொள்ளற மாதிரி ஒன்றரை லிட்டர்ல வரும் பாருங்க, அதுக்கு மேக்னம்னு பேரு. பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரங்க அதே பேரைத் தோட்டாவுக்கும் வச்சாங்க. அதே அளவு குண்டு, ஆனா பின்னாடி இருக்கற பித்தளைக் கூடு பெரிசு, மருந்து அதிகம், வேகம் அதிகம். அவ்வளவுதான் மேக்னம். சட்டப்படியான அளவுகோல் எதுவும் கிடையாது, கம்பெனிக்காரன் வச்ச பேருதான். .416 ரிக்பின்னு 1911-ல வந்த ஒரு தோட்டா, முக்காவாசி மேக்னங்களை விட முரட்டுத்தனமானது. அதோட பேர்ல மேக்னம் கிடையாது.

.375 வந்தது 1912-ல. அதோட கூடு ஏன் அவ்வளவு நீளமா, ஊசி மாதிரி சரிஞ்சு போகுதுன்னு தேடினதுல கிடைச்ச பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. அப்ப பிரிட்டிஷ்காரங்க பயன்படுத்தின மருந்து கார்டைட். நூடுல்ஸ் மாதிரி குச்சி குச்சியா இருக்கும். வெயில்ல சூடேறினா அழுத்தம் எகிறும். இங்கிலாந்துல ஒழுங்கா வெடிக்கற தோட்டா, சித்திரை வெயில்ல கிடந்தா காலிக் கூடு அறைக்குள்ள இறுகிக்கிட்டு வெளியில வராது. எதிர்ல புலி. அதனால கூட்டைப் பெரிசாக்கி, அழுத்தத்தைக் குறைச்சு வச்சாங்க. சரிஞ்ச உடம்பா இருந்தா சுலபமா உள்ள போய் சுலபமா வெளியில வரும். ஆனா சரிவுக்குத் தோள் சரியா நிக்காதே, தோட்டா எந்த எடத்துல நிக்கணும்? அதுக்குத்தான் அடியில ஒட்டியாணம் மாதிரி ஒரு பித்தளை வளையம். பின்னாடி வந்த அமெரிக்க மேக்னம்ல பலதும் தேவையே இல்லாம அந்த வளையத்தை அப்படியே வச்சுக்கிட்டாங்க. வளையம் இருந்தா பலம்னு ஜனங்க நம்பினதால. பலத்துக்கும் வளையத்துக்கும் சம்பந்தமே இல்லை.

முதல் நாள் ராத்திரி எக்செல்ல மூணே மூணு வரிசை போட்டேன். குண்டோட எடையை கிரெய்ன்ல சொல்றாங்க. நம்ம ஊர் ஆசாரி குன்றிமணி வச்சு நிறுத்த மாதிரி அவங்களுக்கு தானிய மணி. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. எடையை வேகத்தோட வர்க்கத்தால பெருக்கி 450,240-ஆல வகுத்தா சக்தி, அடி-பவுண்டு கணக்குல வந்துடும்.

.315-க்கு 244 கிரெய்ன் குண்டு, நொடிக்கு ரெண்டாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேல. சக்தி சுமார் 2,240. .375-க்கு 300 கிரெய்ன், நொடிக்கு 2,530 அடி. சக்தி சுமார் 4,260. நூறு கிலோ மூட்டையைப் பத்தொன்பது அடி உயரத்துக்குத் தூக்கற வேலை, சுண்டு விரல் நுனி சைஸ் குண்டுல. 12 போர்ல ஒத்தைக் குண்டு போட்ட தோட்டா, ஒரு அவுன்ஸ், நொடிக்கு 1,560 அடி வச்சா 2,360 சொச்சம்.

முடிஞ்சது. மேக்னம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. .315 கடைசி. அஞ்சு நிமிஷ வேலை. அப்பவே ப்ரிண்ட் எடுத்துக் குடுத்திருந்தா இந்தக் கதையே இல்லை. ஆனா எக்செல் திறந்தா எனக்குக் கை சும்மா இருக்காது. மத்த மேக்னம்களையும் போட்டுப் பாப்போமேன்னு உக்காந்தவன் மூணு ராத்திரி எழுந்திரிக்கலை.

மேக்னம்ல ரெண்டு ஜாதி இருக்குன்னு ரெண்டாவது ராத்திரி புரிஞ்சது. ஒண்ணு தூரத்துக்கானது. 1962-ல வந்த 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், 1963-ல வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் இதெல்லாம் அந்த ஜாதி. லேசான குண்டு, பறக்கற வேகம். .300-ல 180 கிரெய்ன் குண்டு நொடிக்கு 2,960 அடி போகும், சக்தி 3,500. அமெரிக்கா, கனடா மலைகள்ல எல்க் மானையும் காட்டாட்டையும் முந்நூறு மீட்டர் தள்ளி நின்னு சுடறவனுக்கு குண்டு எவ்வளவு கீழ இறங்கும்னு ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை. அதுதான் அதோட லாபம். இன்னொரு ஜாதி கிட்டத்துக்கானது. 1956-ல வந்த .458 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி. 500 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,040 அடிதான், சக்தி 4,620. யானை, காட்டெருமை, முப்பது நாப்பது அடி. எலும்பைத் துளைச்சு உள்ள போகணும், அவ்வளவுதான் வேலை.

.375 ரெண்டுக்கும் நடுவுல. இவ்வளவு கனமான குண்டை அனுப்பினாலும் அதோட பாதை, சாதாரண .30-06 தோட்டாவோட பாதை மாதிரியே இருக்கும்னு படிச்சேன். அதனால மானுக்கும் ஆகும், எருமைக்கும் ஆகும். ஆப்பிரிக்காவுல பல நாடுகள்ல யானை, எருமை, சிங்கம் சுட அனுமதிச்ச குறைஞ்சபட்ச அளவே .375-தான். நூறு வருஷம் தாண்டியும் ஒரு தோட்டா வழக்கொழியாம இருக்குன்னா சும்மாவா?

.458 கதையில ஒரு தமாஷ் உண்டு. தமாஷ்னு சொல்றேன், அதை நம்பி எருமை முன்னாடி நின்னவனுக்கு இல்லை. சின்னக் கூட்டுக்குள்ள நிறைய மருந்தை அமுக்கி அமுக்கி வச்சாங்க. பெட்டியில பெரிய நம்பர் அச்சடிச்சாங்க. நாளாக நாளாக உள்ள இருந்த மருந்து அடை மாதிரி கட்டிப் போய், சரியா எரியாம, குண்டு பாதி தூரம் உள்ள போய் நின்னுடுச்சு. அறுபதுகள்ல ஆப்பிரிக்க வேட்டைக்காரங்க கிட்ட அதுக்குக் கெட்ட பேரு. அப்புறம் சரி பண்ணிட்டாங்க. பேலன்ஸ் ஷீட்ல லாபம் காட்டிட்டு கல்லாவுல காசு இல்லாத கம்பெனியெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது.

மூணாவது ராத்திரிதான் எக்செல் என்னைப் பாத்து சிரிச்சது. கென்னத் ஆண்டர்சன் தெரியும் இல்லையா, பெங்களூர்ல இருந்தவர், தர்மபுரி, சேலம் காடுகள்ல ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு எழுதினவர். அவரோட ரைஃபிள் .405 வின்செஸ்டர். 300 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 2,200 அடி. சக்தி போட்டா 3,225. மேல இருந்த வரிசையைப் பாத்தேன், 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், 150 கிரெய்ன், 3,110 அடி, சக்தி 3,222. ரெண்டும் ஒண்ணு! மூணு அடி-பவுண்டுதான் வித்தியாசம். பாய்ஞ்சு வர்ற புலிக்கு முன்னாடி ரெண்டும் ஒண்ணா? எடை பாதிதான், வேகத்தை வர்க்கம் பண்ணினதால நம்பர் வீங்கிடுச்சு.

இதே சந்தேகம் ஜான் டெய்லர்ங்கற யானை வேட்டைக்காரருக்கும் வந்திருக்கு. 1948-ல ஆப்பிரிக்க ரைஃபிள்கள் பத்தி ஒரு புத்தகம் போட்டு, அதுல தன் பங்குக்கு ஒரு சூத்திரம் குடுத்தார். எடை, வேகம், குண்டோட குறுக்களவு, மூணையும் சும்மா பெருக்கு. வர்க்கம் கிர்க்கம் எதுவும் கிடையாது. 'நாக் அவுட்' மதிப்புன்னு பேரு. அதுல போட்டா 7 மிமீ மேக்னத்துக்கு 19, ஆண்டர்சனோட பழைய .405-க்கு 39. .375-க்கு 41. .458-க்கு 67. ஆகா, இதுதான்யா சரின்னு தாவ்ஜியோட மத்த ரெண்டையும் போட்டேன். .315-க்கு 23. 12 போருக்கு... 71.

அதாவது இந்த சூத்திரப்படி, வயலுக்குக் காவல் காக்கற இரட்டைக்குழல், யானை சுடற .458 மேக்னத்தை விடப் பெரிசு! டெய்லர் கணக்குப் போட்டது யானைத் தலையைத் துளைக்கற கெட்டி உலோகக் குண்டுக்கு. 12 போரோட ஈயக் குண்டு முக்கால் இஞ்ச் அகலம், பட்டதும் தோசை மாவு மாதிரி பரவிடும். அகலமா இருக்கறதே சூத்திரத்துல மதிப்பைக் கூட்டுது, அகலமா இருக்கறதாலயே உள்ள போக மாட்டேங்குது. ஆக எந்த நம்பரை எடுத்தாலும் ஏதோ ஒரு துப்பாக்கி முதல்ல வருது. நாம எதை ஜெயிக்க வைக்கணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டா சூத்திரம் கிடைக்கும். லோன் அப்ரைசல்ல இந்த வித்தையை நான் நிறையவே பாத்திருக்கேன் :-)

ஞாயித்துக்கிழமை காலைல மொட்டை மாடி வெயில்ல தாவ்ஜிகிட்ட ப்ரிண்ட் அவுட்டைக் குடுத்தேன். சக்தி, நாக் அவுட், எல்லாம் கட்டம் கட்டி. மேக்னம் வரிசைக்கு மஞ்சள் கலர் வேற அடிச்சிருந்தேன். அவருக்கு அதுதான் வேணும்னு எனக்குத் தெரியும். மூணு ரைஃபிள்ல அதைப் பத்திப் பேசறப்ப மட்டும்தான் 'அப்பாவோடது'ன்னு சொல்லுவார்.

கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். "நல்லாப் போட்டிருக்கீங்க. ரெண்டு கட்டம் விட்டுப் போச்சு"ன்னார்.

"என்ன தாவ்ஜி?"

"சுடறவன் யாருன்னு ஒரு கட்டம். தோட்டா எத்தனை இருக்குன்னு ஒரு கட்டம்."

அப்புறம் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எனக்குச் சொல்ல வராது. முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

1966. அவருக்கு இருபது வயசு. அப்பா மரக் காண்ட்ராக்டர். கிராமத்துல ஒரு சிறுத்தை வரிசையா கன்னுக்குட்டிகளைத் தூக்கிக்கிட்டுப் போகுது. அப்பல்லாம் பெர்மிட் உண்டு. அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால பையன் கேட்டு வாங்கிக்கிட்டான், மேக்னத்தை. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் பாறை மேல படுத்துக்கிட்டு அதுல ரெண்டு தோட்டா சுட்டுப் பழகியிருக்கார். .375-ஓட உதை சாமானியமானது இல்லை. மான் ரைஃபிளோட உதையைப் போல ரெண்டு மூணு மடங்கு. படுத்துச் சுட்டா உடம்பு பின்னாடி நகர்ந்து குடுக்காது, முழுசும் தோள்பட்டை எலும்புலதான் இறங்கும். ஒரு வாரம் கையைத் தூக்க முடியலையாம், யார்கிட்டயும் சொல்லலை. சிறுத்தை வந்தது, நாப்பது கஜம், நல்ல நிலா. "விரலை அழுத்தறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிட்டேன் மேனேஜர் சாப். உடம்புக்கு உதை ஞாபகம் இருந்தது."

குண்டு பின்னங்கால்ல பட்டுது. நாலாயிரத்து இருநூத்தி அறுபது அடி-பவுண்டு, பின்னங்கால்ல.

அடிபட்ட சிறுத்தையைப் புதர்ல விட்டுட்டு வீட்டுக்கு வர முடியாது. விடிஞ்சதும் அந்த வழியா பொம்பளைங்க புல் அறுக்கப் போவாங்க. விடியறதுக்கு முன்னாடி அப்பா காய்ச்சலோட எழுந்து வந்தார். மேக்னத்தைத் தொடலை. 12 போரை எடுத்தார், ரெண்டு குழல்லயும் எல்ஜி தோட்டா. ஏழெட்டு அடியில சிறுத்தை பாய்ஞ்சது. முதல் குழல் வெடிச்சப்பவே இடது கையைக் கவ்விடுச்சு. ரெண்டாவது குழல்ல முடிஞ்சது. கை பிழைச்சுது, ஆனா அதுக்கப்புறம் முழங்கைக்குக் கீழ மடங்கவே இல்லை.

"அன்னிக்கு என் கையில .315 இருந்திருந்தா அப்பா கை நல்லா இருந்திருக்கும்."

நான் என் மஞ்சள் கலரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

அப்பா திட்டவே இல்லையாம். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசலையாம். ஒவ்வொரு மாசமும் ஒத்தைக் கையால மேக்னத்தைத் துடைச்சு எண்ணெய் போட்டு வைப்பாராம். அதனாலதான் அதைக் குடுக்க மனசு வரலை, அதனாலதான் அதை வச்சுக்கவும் பிடிக்கலைன்னார்.

பெரிய துப்பாக்கிக்கு ஆதரவா சொல்ற முக்கியமான வாதம், மிருகம் அடிபட்டு ஓடக் கூடாது, விழுந்த எடத்துல சாகணும்கறது. நியாயமான வாதம். அதுக்கு மறுபக்கம்தான் தாவ்ஜி சொன்னது. தாங்க முடியாத உதை, குண்டை வேற எங்கயோ கொண்டு போய் விடும். ஸ்காட்லாந்துக்காரர் பெல்னு ஒருத்தர், ஆப்பிரிக்காவுல ஆயிரம் யானைக்கு மேல சுட்டவர் (கேக்கவே வயித்தைக் கலக்குது). அதுல பெரும்பகுதி .275 ரிக்பியால. மேக்னமே இல்லை, என் கணக்குல சக்தி 2,200, நாக் அவுட் 15, பட்டியல்லயே கடைசி. மூளை எங்க இருக்குன்னு அவருக்குத் துல்லியமாத் தெரியும், உதையாத ரைஃபிளாலதான் அந்த எடத்துல போட முடியும். ஆனா பெல் செஞ்சதை நாமும் செய்யலாம்னு கிளம்பினவங்க நிறைய பேர் திரும்பி வரலைங்கறதையும் சேர்த்தே சொல்லணும். அதுக்குத்தான் .375 குறைஞ்சபட்சம்னு சட்டம் போட்டாங்க.

அதே .275 ரிக்பிதான் இந்தப் பக்கத்து ஹீரோ ஜிம் கார்பெட்டோடதும். சம்பாவத் புலியைச் சுட்டதுக்காக 1907-ல அவருக்குப் பரிசாக் குடுத்தாங்க. 436 பேரைக் கொன்னதா சொல்லப்படற புலி. ருத்ரப்பிரயாக் சிறுத்தையை 1926 மே 2-ஆம் தேதி ராத்திரி அதாலதான் முடிச்சார். அந்த ரைஃபிளை ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கி, 2016-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. இங்கிருந்து முக்கால் மணி நேரம், காலாதுங்கி. தாவ்ஜி போய்ப் பாத்திருக்கார். "குடை மாதிரி இருந்தது"ன்னார்.

ஆனா சம்பாவத் புலி சமாச்சாரத்துல என்னைக் கவர்ந்தது வேற. அன்னிக்கு கார்பெட் கையில இருந்தது .500 இரட்டைக்குழல் எக்ஸ்பிரஸ் ரைஃபிள், பெரிய ஐட்டம். ஆனா எடுத்துக்கிட்டுப் போனது மூணே மூணு தோட்டா. மூணும் தீர்ந்து போச்சு, புலி இன்னும் நிக்குது. ஓடிப் போய் தாசில்தாரோட ஓட்டைத் துப்பாக்கியை வாங்கிக்கிட்டு வந்து, கடைசி வெடியை அதுல போட்டார். வாய்க்குக் குறி வச்சது காலுக்குப் போச்சு, அதுக்குள்ள முன்னாடி பட்ட ரெண்டு குண்டும் வேலையை முடிச்சுட்டுது. தாவ்ஜி சொன்ன 'தோட்டா எத்தனை' கட்டம் இதுதான்.

அந்தக் கட்டத்தையும் போட்டேன். மேக்னம், ஏழு. எழுபதுகள்ல அப்பா கடைசியா வாங்கின பெட்டியில மிச்சம். பித்தளை பச்சை பூத்திருக்கு. ரெண்டுல கழுத்துப் பக்கம் மயிரிழை விரிசல் மாதிரி ஒரு கோடு. வெடிக்குமா, வெடிச்சா எங்க வெடிக்கும், யாருக்கும் தெரியாது. நம்ம நாட்டுல .375 தோட்டா கடையில வச்சு விக்கறதில்லை, எங்கயாவது வெளிநாட்டுச் சரக்கு கிடைச்சாலும் ஒண்ணு ஆயிரக்கணக்குல. .315 கதை வேற. பிரிட்டிஷ்காரன் தன் ராணுவத் தோட்டாவான .303 ஜனங்க கைக்குப் போகக் கூடாதுன்னு தடை போட்டான். அந்த இடத்தை நிரப்பினது ஒரு பழைய ஆஸ்திரிய 8 மிமீ தோட்டா. அதுதான் இந்த .315. சுதந்திரத்துக்கு அப்புறமும் நம்ம ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரிகள் அதையே போட்டுக்கிட்டு இருக்கு. ஹல்த்வானி கடையில லைசென்ஸ்ல எழுதின கோட்டா வரைக்கும் எண்ணி வாங்கலாம். 12 போர் தோட்டாவும் அப்படியே. உலகத்துல யாருக்கும் பிடிக்காத ரைஃபிள் .315, வேட்டைப் புத்தகம் எதுலயும் வராது. ஆனா அது உதைச்சா எழுபத்திநாலு வயசுத் தோள் தாங்கும், பன்னிக்கும் அது போதும்.

புதுக் கட்டங்களோட மறுபடி ப்ரிண்ட் எடுத்தேன். இந்த தடவை கலர் அடிக்கலை. தாவ்ஜி அதை வாங்கி மடிச்சு பையில வச்சுக்கிட்டார், பாக்கலை.

டிசம்பர் ரெண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டு அவரோட கடைக்குப் போனேன். பஜார்ல ரொம்பப் பழைய கடை. எங்களுக்கு முன்னாடியே நாலு பேர் வரிசையில, எல்லாம் வயசானவங்க, எல்லார் மடியிலயும் துணி சுத்தின நீளமான ஒண்ணு. மாஸ்க் போட்டுக்கிட்டு, தள்ளித் தள்ளி உக்காந்து, ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

கடைக்காரர் துணியைப் பிரிச்சு, போல்ட்டைத் திறந்து குழலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாத்தார். "அரிப்பு ஒண்ணுகூட இல்லையே"ன்னார். ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தார். அப்புறம் ரெஜிஸ்டர்ல நம்பரை எழுதி, ஏழு தோட்டாவையும் எண்ணி ஒரு டப்பாவுல போட்டு, ரசீது குடுத்தார். கையெழுத்துப் போட்டுட்டு தாவ்ஜி, "பெல்ட்டை மட்டும் எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டார். தோள்ல மாட்டற தோல் வார். அதுக்கு லைசென்ஸ் கிடையாது, எடுத்துக்கங்கன்னார் கடைக்காரர்.

திரும்பி வர்றப்ப டீக்கடையில உக்காந்தோம். வாரை மேஜைல நீட்டி வச்சு அளந்து பாத்தார். .315-க்கு அது நீளம், கொக்கி இருக்கற எடமும் வேற. டீக்கடைப் பையன்கிட்ட ஒரு ஆணியும் அம்மிக்குழவியும் வாங்கி, பெஞ்சு மேல வச்சு ரெண்டு விரல் தள்ளி ஒரு புது ஓட்டை போட்டார். தோல் நல்லா கெட்டியா இருந்தது, நாலஞ்சு தடவை தட்ட வேண்டி வந்தது. நடுவுல கிராமத்துலேர்ந்து போன். நேத்து ராத்திரி பன்னி இறங்கியிருக்கு, மேல் பாத்தி போச்சுன்னு.

"நாளைக்கு வர்றேன்"னு சொல்லி வச்சுட்டு, வாரை சுருட்டி பைக்குள்ள போட்டார். பாதியில வச்ச டீ ஆறிடுச்சு. இன்னொண்ணு சொன்னார்.